உப்பு விரும்பும் பூஞ்சைகளின் நொதிகள்: உப்பளத்து நீரிலிருந்து தொழிற்சாலைத் தொட்டி வரை

சோயா சாஸ் நொதிக்கும் தொட்டி, சாயப்பட்டறைக் கழிவுநீர், உப்பிட்ட தோலை ஊறவைக்கும் தொட்டி, எண்ணெய்க் கிணற்றிலிருந்து கச்சா எண்ணெயோடு மேலே வரும் நீர். இந்த நான்கு இடங்களிலும் நொதிகளுக்கு வேலை இருக்கிறது, நான்கிலும் உப்புதான் தடையாக நிற்கிறது. உப்பு ஏற ஏற, புரதத்தைச் சுற்றி இருக்க வேண்டிய நீர் குறைகிறது. புரதத்தின் மடிப்பு தளரலாம், அல்லது புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளலாம். நன்னீரில் அருமையாக வேலை செய்த நொதி அங்கே மந்தமாகிவிடும். அப்படியானால் உப்பிலேயே வாழும் உயிர்களிடமிருந்து நொதியை எடுத்தால் என்ன என்ற யோசனை இயல்பாகவே வரும்.

யோசனை சரிதான். ஆனால் பூஞ்சை உப்பைத் தாங்குகிறது என்பதாலேயே அதன் நொதியும் உப்பைத் தாங்கும் என்று ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றாக எண்ணித் தொடங்குகிற வேலை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. ஆட்டோகிளேவ், ஷேக்கர், சென்ட்ரிஃபியூஜ், நிறமானி இவை உள்ள ஓர் எளிய ஆய்வகம் இருந்தால் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

தொடங்கும் முன்: இந்தப் பூஞ்சைகள் யார்?

உப்பு நிறைந்த நீரில் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் வேறு குலத்தைச் சேர்ந்த ஒற்றைச்செல் நுண்ணுயிர்கள்), சில பாக்டீரியா, டுனாலியெல்லா என்ற பாசி ஆகியவைதான் வாழும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உப்பிட்ட உணவுகளில் பூஞ்சை வருவது தெரிந்த விஷயம்தான், ஆனால் அதை உணவு கெடும் பிரச்சினையாக மட்டுமே பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ஸ்லோவேனியாவின் லுப்லியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீனா குண்டே-சிமர்மனும் அவருடைய குழுவினரும், ஆட்ரியாட்டிக் கடலோரத்து செச்சோவ்லே உப்பளங்களில் கரும் ஈஸ்ட்கள் நிரந்தரமாகக் குடியிருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் இது ஒரு தனித் துறையாக வளர்ந்தது.

உப்பு விரும்பும் பூஞ்சை எது என்பதற்கு இத்துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரையறை இது: இயற்கையில் 10 சதவீதத்துக்கு மேல் உப்புள்ள இடங்களிலிருந்து திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும், ஆய்வகத்தில் 17 சதவீத உப்பில், அதாவது ஏறக்குறைய 3 மோலாரில், வளர வேண்டும். கடல்நீரின் உப்பு 3.5 சதவீதம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு கடுமையான அளவு என்று புரியும்.

இந்த வரையறைக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் உப்பு இல்லாமலும் வாழக்கூடியவர்கள். ஹோர்டேயா வெர்னெக்கி என்ற கரும் ஈஸ்ட் உப்பே இல்லாத ஊடகத்திலும் வளரும், உப்பு கரைந்து தீரும் எல்லைக்கு அருகிலும் வளரும். டெபாரியோமைசிஸ் ஹான்சனி, ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் பல, கிளாடோஸ்போரியம் இனங்கள் சில ஆகியவையும் இந்தக் கூட்டம்தான். உப்பு இல்லாவிட்டால் வளரவே முடியாது என்ற நிலைக்குப் போனது வாலேமியா இக்தியோஃபாகா. அதற்குக் குறைந்தது 1.5 மோலார் அளவு உப்பு வேண்டும். பூஞ்சை உலகில் இது மிக அரிது.

இவை உயிர் பிழைக்கும் விதத்தில்தான் நமக்கு வேண்டிய குறிப்பு இருக்கிறது. ஹாலோபாக்டீரியம் போன்ற ஆர்க்கியாக்கள் தங்கள் செல்லுக்குள்ளேயே பொட்டாசியம் குளோரைடை மோலார் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே அவற்றின் உள்ளே உள்ள எல்லாப் புரதங்களும் உப்புக்குப் பழகியவை. பூஞ்சைகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, அதற்கு ஈடாகக் கிளிசரால், அராபிட்டால், மானிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கரும் ஈஸ்ட்களில் செல்சுவரில் படிந்த மெலனின் அந்தக் கிளிசரால் வெளியே கசிந்து போகாமல் காக்கிறது.

இதன் பொருள் என்ன? பூஞ்சையின் உள்நொதிகள் பெரும்பாலும் அதிக உப்பைப் பார்த்ததே இல்லை. உப்போடு நேருக்கு நேர் நிற்பவை, உணவைச் செரிக்க அது வெளியே சுரந்துவிடும் நொதிகள் மட்டுமே: மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், தாவர நார்ப்பொருளை உடைக்கும் செல்லுலேஸ், சைலனேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ், மரத்தின் லிக்னினையும் சாயங்களையும் ஆக்சிஜனேற்றம் செய்யும் லாக்கேஸ். தொழிலுக்கு வேண்டியவையும் பெரும்பாலும் இவைதான். தேட வேண்டியது இங்கேதான்.

படி 1: முதலில் தொழிற்சாலையைப் பாருங்கள்

ஆய்வகத்தில் தொடங்கி, கிடைத்த நொதிக்குப் பிறகு ஒரு பயன்பாட்டைத் தேடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்தத் தொட்டியில் இந்த நொதி வேலை செய்யப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் தொட்டியின் உப்பு எத்தனை சதவீதம், எந்த உப்பு, சோடியம் குளோரைடா சோடியம் சல்பேட்டா, வெப்பநிலை, பிஎச், எத்தனை மணி நேரம் நொதி உயிரோடு இருக்க வேண்டும், கூடவே வேறு என்ன ரசாயனம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையும் இந்தத் தாளைப் பார்த்தே அமைய வேண்டும். 5 சதவீத உப்பு மட்டுமே உள்ள ஒரு தொட்டிக்கு 30 சதவீதத்தில் ஓடும் நொதியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

படி 2: மாதிரி எடுப்பது

உப்பளத்தின் கடைசிப் பாத்திகள், உப்பு ஏரிகள், சதுப்புநிலச் சேறு, உப்பிட்ட மீன், தோல் கிடங்குகளின் உப்புக் கழிவு என எல்லாமே நல்ல இடங்கள்தான். சாக்கடலிலிருந்துகூட ஜிம்னாசெல்லா மாரிஸ்மார்ட்டுயி என்ற பூஞ்சையைப் பிரித்திருக்கிறார்கள். நீரை மட்டும் எடுக்காமல், நீரில் ஊறிக் கிடக்கும் மரத்துண்டுகளையும் எடுங்கள். உப்பளத்தில் மூழ்கிய மரத்தின் மேல் கரும் ஈஸ்ட்கள் கூட்டமாகக் கிடைக்கின்றன. செல்லுலேஸ், லாக்கேஸ் தேடுபவர்களுக்கு அதுதான் முதல் இடம்.

எடுத்த இடத்திலேயே உப்பின் அளவையும் பிஎச்சையும் வெப்பநிலையையும் குறித்துவிடுங்கள். நில உரிமையாளரிடமும் உரிய அதிகாரிகளிடமும் அனுமதி வாங்குவதை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. உயிரியல் வளங்களின் பயனைப் பகிர்வது பற்றிய நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. நொதி ஒருநாள் விற்பனைக்கு வருமானால், முதல் நாளில் வாங்காத அனுமதி அன்றைக்குப் பெரிய சிக்கலாக வந்து நிற்கும்.

படி 3: வளர்த்துப் பிரிப்பது

மால்ட் சாறும் ஈஸ்ட் சாறும் கலந்த ஊடகத்தில் 10, 17, 25 சதவீதம் என்று மூன்று உப்பு அளவுகளில் தட்டுகள் தயார் செய்யுங்கள். பாக்டீரியாவைத் தடுக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோராம்ஃபெனிக்கால் போதும். நீர் மாதிரியை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டிச் சவ்வு வழியாக இழுத்து, அந்தச் சவ்வை அப்படியே தட்டின் மேல் வைத்துவிடலாம்.

உப்பு கூடிய அகார் சரியாக இறுகாது. வழக்கமான ஒன்றரை சதவீதத்தை இரண்டு அல்லது அதற்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும். மக்னீசியம் உப்புகளையும் பாஸ்பேட்டையும் சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்தால் கலங்கிவிடும், தனித்தனியாக வைத்துப் பிறகு சேருங்கள். வேலை முடிந்ததும் ஆட்டோகிளேவின் உட்புறத்தை நல்ல நீரால் கழுவுங்கள். பொங்கி வழிந்த உப்புநீர் கருவியை அரித்துவிடும்.

அப்புறம் பொறுமை. தட்டுகளைப் பாலித்தீன் பையில் இட்டு மூடி 25 முதல் 28 டிகிரியில் வையுங்கள். மூடாவிட்டால் நீர் ஆவியாகி, 17 சதவீதத் தட்டு சத்தமில்லாமல் 20 சதவீதத் தட்டாக மாறிவிடும். முதல் வாரத்தில் வருபவை பெரும்பாலும் வேகமாக வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் இனங்கள். வாலேமியாவும் கரும் ஈஸ்ட்களும் பல வாரம் கழித்துத்தான் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டும். முதல் வாரத்திலேயே தட்டைத் தூக்கி எறிபவர்கள் உண்மையான உப்பு விரும்பிகளைத் தவறவிடுகிறார்கள்.

உப்பில் முளைத்தது எல்லாம் அங்கே வாழ்வதாகவும் ஆகிவிடாது. காற்றில் பறந்து வந்த வித்துகூட உப்பைத் தாங்கிக்கொண்டு உயிரோடு கிடக்கலாம். அதே பூஞ்சை வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாத்தியில் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

படி 4: பெயரும் பாதுகாப்பும்

இனத்தை அறிய, பூஞ்சைகளை அடையாளம் காணப் பொதுவாகப் பயன்படும் ஐடிஎஸ் என்ற பகுதியின் டிஎன்ஏ வரிசை முதல் கட்டம். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு அது போதாது, பீட்டா-டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணுவையும் படிக்க வேண்டும். கிளாடோஸ்போரியத்துக்கு ஆக்டின் மரபணு உதவும்.

இதை வெறும் பெயர் வைக்கும் சடங்காக நினைக்காதீர்கள். உப்பில் கிடைக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் அஃப்ளாடாக்சின் என்ற கல்லீரல் நஞ்சை உண்டாக்கக்கூடியது. ஹோர்டேயா வெர்னெக்கி மனிதனின் உள்ளங்கையில் கருநிறத் திட்டாகப் படரும் டினியா நைக்ரா என்ற மேல்தோல் நோயை உண்டாக்கும். வாலேமியா வித்துகள் ஒவ்வாமை தருபவை. பெயர் தெரியும்வரை எல்லாவற்றையும் பாதுகாப்பு அறைக்குள், கையுறையோடு கையாளுங்கள். உணவுத் தொழிலுக்கான நொதி என்றால், நஞ்சு சுரக்கும் இனத்தை இந்தப் படியிலேயே ஒதுக்கிவிடுங்கள், அல்லது அதன் மரபணுவை மட்டும் எடுத்து வேறு பாதுகாப்பான பூஞ்சையில் வைக்க இப்போதே திட்டமிடுங்கள்.

நல்ல வளர்ப்புகளை ஓர் அங்கீகரிக்கப்பட்ட நுண்ணுயிர்க் காப்பகத்தில் ஒப்படைத்து எண் வாங்குங்கள். காப்புரிமைக்காக ஒப்படைப்பது என்றால் 1977-இன் புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் வரும் காப்பகமாகப் பாருங்கள்.

படி 5: தட்டில் முதல் சல்லடை

எந்தப் பூஞ்சை எந்த நொதியைச் சுரக்கிறது என்பதைத் தட்டிலேயே பார்த்துவிடலாம். மாவுச்சத்து கலந்த தட்டில் அயோடின் ஊற்றினால், அமைலேஸ் இருந்த இடம் நீலமாகாமல் வெளிறி நிற்கும். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் தட்டுக்கும் சைலன் தட்டுக்கும் காங்கோ சிவப்பு என்ற சாயத்தை ஊற்ற வேண்டும். டிரைபியூட்டிரின் தட்டில் லிப்பேஸ் தெளிவான வளையம் காட்டும். லாக்கேஸுக்கு ஏபிடிஎஸ் என்ற நிறங்காட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தால் பச்சை நிறம் வரும். புரோட்டியேஸுக்குப் பால்பவுடர் தட்டு வழக்கம், ஆனால் உப்பு அதிகமானால் அந்தத் தட்டைப் படிப்பது கடினம். ஜெலட்டின் தட்டையும் கூடவே வையுங்கள்.

ஒவ்வொரு பூஞ்சையையும் குறைந்தது இரண்டு உப்பு அளவில் சோதியுங்கள். வளையத்தின் விட்டத்தை மட்டும் பார்க்காமல், வளையத்துக்கும் பூஞ்சைக் கூட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். அப்படியும் இது ஒரு சல்லடை மட்டுமே. பெரிய வளையம் என்பது நிறைய நொதி சுரந்ததையும் காட்டலாம், உப்பில் நன்றாக ஓடும் நொதியையும் காட்டலாம். எது என்று தட்டு சொல்லாது.

படி 6: திரவ வளர்ப்பு

தேர்ந்தெடுத்த பூஞ்சையைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை எடுத்தால் அதுவே கச்சா நொதி. தேவையான நொதிக்கான உணவே ஊடகத்தில் முக்கியக் கரிமமாக இருக்கட்டும்: அமைலேஸுக்கு மாவுச்சத்து, செல்லுலேஸுக்குச் செல்லுலோஸ் அல்லது கரும்புச் சக்கை. குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் பூஞ்சை இந்த நொதிகளைச் சுரப்பதை நிறுத்திவிடும்.

பூஞ்சை நன்றாக வளரும் உப்பு அளவும், அது அதிக நொதி சுரக்கும் உப்பு அளவும், அந்த நொதி நன்றாக வேலை செய்யும் உப்பு அளவும் மூன்று வெவ்வேறு எண்களாக இருக்கலாம். மூன்றையும் தனித்தனியே அளந்து, அறிக்கையிலும் தனித்தனியே எழுதுங்கள்.

படி 7: நொதியின் உப்புக் கணக்கு

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

0, 3, 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று உப்பை ஏற்றிக்கொண்டே போய் நொதியின் வேகத்தை அளப்பது முதல் சோதனை. நொதியை உப்பில் பல மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு வழக்கமான நிலையில் அளப்பது இரண்டாவது. முதலாவது வேகத்தைச் சொல்கிறது, இரண்டாவது ஆயுளைச் சொல்கிறது. உப்பில் மெதுவாக ஓடினாலும் நாள் கணக்கில் கெடாமல் இருக்கும் நொதி உண்டு. வேகமாகத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அணைந்துபோகும் நொதியும் உண்டு. மாதக்கணக்கில் நடக்கும் நொதித்தலுக்கு முதல் வகைதான் உதவும்.

மூன்றாவது சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டயாலிசிஸ் மூலம், அதாவது உப்பை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைத்து, உப்பை முழுதாக நீக்கிவிட்டு நொதி என்ன ஆகிறது என்று பாருங்கள். உப்புக்கு நன்றாகப் பழகிய புரதத்தின் மேற்பரப்பில் ஆஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் என்ற அமிலத் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கும். அவற்றின் எதிர்மின்னேற்றம் உப்புக்கு நடுவிலும் நீரைப் பிடித்து வைக்கிறது. உப்பை எடுத்துவிட்டால் அந்த எதிர்மின்னேற்றங்களே ஒன்றையொன்று தள்ளிப் புரதத்தைப் பிரித்துவிடக்கூடும். உப்பில்லாமல் செத்துப்போகும் நொதி என்றால் அது உப்பை விரும்புவது. உப்பில்லாமலும் ஓடுவது என்றால் அது உப்பைத் தாங்குவது. பூஞ்சை நொதிகளில் இரண்டாவது வகைதான் அதிகம், தொழிலுக்குப் பெரும்பாலும் அதுவே வசதியானது.

நான்காவதாக, சோடியம் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு, சோடியம் சல்பேட், அப்புறம் அதே நீர்ச் செயற்பாட்டை (கரைசலில் எவ்வளவு நீர் கட்டுப்படாமல் இருக்கிறது என்ற அளவை) தரும் கிளிசரால் ஆகியவற்றில் அதே நொதியை அளந்து பாருங்கள். குளோரைடுதான் தடுக்கிறதா, அயனிகளின் செறிவு தடுக்கிறதா, நீர் குறைந்ததுதான் காரணமா என்று இதில் பிரிந்து தெரியும். தூய நீரின் நீர்ச் செயற்பாடு 1, கடல்நீருடையது ஏறக்குறைய 0.98, கரைய வேண்டிய மட்டும் உப்பு கரைந்த நீருடையது 0.75.

அளவீட்டில் ஏமாற வைக்கும் இடங்கள் பல. பிஎச்சை நிலையாக வைக்கும் பாஸ்பேட் பஃபர் கரைசலில் நிறைய உப்பைக் கொட்டினால் பிஎச் கீழே இறங்கும். பஃபரைத் தயாரித்து பிஎச்சைச் சரிசெய்துவிட்டுப் பிறகு உப்பைச் சேர்த்தால், அளப்பது உப்பின் விளைவையா பிஎச்சின் விளைவையா என்றே தெரியாது. உப்பைச் சேர்த்த பிறகே பிஎச்சைச் சரிசெய்யுங்கள். சர்க்கரையை அளக்கும் டிஎன்எஸ் முறைக்கும், புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறைக்கும் ஒவ்வொரு உப்பு அளவுக்கும் தனித்தனி ஒப்பீட்டு வரைகோடு போடுங்கள். நொதி சேர்க்காத வெற்றுச் சோதனையும் ஒவ்வொரு உப்பு அளவுக்கும் வேண்டும். லிப்பேஸ் சோதனையில் கரைசல் உப்பால் கலங்கினாலே நிறமானி பொய்யான எண் காட்டும்.

வெப்பநிலை வரைகோட்டையும் உப்போடுதான் போட வேண்டும். உப்பு பல நொதிகளின் வெப்பம் தாங்கும் திறனைக் கூட்டுகிறது. உப்பில்லாமல் 45 டிகிரி தாங்குவது உப்பில் 60 டிகிரி தாங்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மிக உயர்ந்த புள்ளியை 100 என்று வைத்துச் சதவீதமாக மட்டும் வரைகோடு போடாதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற உண்மையான அலகில் எழுதுங்கள். உப்பில் 100 சதவீதம் என்று அழகாகத் தெரியும் நொதி, உண்மை அலகில் கடையில் வாங்கும் சாதாரண நொதியைவிடப் பல மடங்கு சோம்பலாக இருக்கலாம். ஒவ்வொரு சோதனையிலும் பக்கத்தில் ஒரு சாதாரண ஆஸ்பெர்ஜில்லஸ் நொதியை வைத்து அதே உப்பில் ஓட்டிப் பாருங்கள். அதை வெல்லாத நொதியோடு அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

எட்டக்கூடிய உயரம் எது என்பதற்கு ஓர் உதாரணம்: தாய்லாந்தின் உப்பளத்திலிருந்து பிரிக்கப்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் கிராசிலிஸின் அமைலேஸ் 30 சதவீத உப்பில், 60 டிகிரியில், பிஎச் 5-இல் உச்ச வேகம் காட்டியதாக 2014-இல் வெளியானது. இங்கே உப்பு தடையாக இல்லாமல் தேவையாகவே ஆகியிருக்கிறது.

படி 8: தூய்மையாக்கல்

சாதாரணப் புரதத்துக்கான முறைகள் இங்கே அப்படியே பலிக்காது. அமோனியம் சல்பேட்டால் படியவைக்கும் வழக்கமான முறையில், உப்பில் கரைந்தே இருக்கப் பழகிய புரதம் எளிதில் கீழே இறங்காது. அயனிப் பரிமாற்றப் பத்தியில் ஏற்ற உப்பைக் குறைத்தாக வேண்டும், குறைத்தால் சில நொதிகள் குலைந்துவிடும். நீர்வெறுப்புப் பத்தி உப்பு அதிகமாக இருக்கும்போதுதான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் இங்கே அதுவே இயல்பான முதல் தேர்வு. வடிகட்டிச் செறிவூட்டும் அல்ட்ராஃபில்ட்ரேஷன் எப்போதும் பாதுகாப்பான வழி.

எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரப் பொருளோடு புரதத்தை ஜெல்லில் ஓட்டி மூலக்கூறு எடையைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். அமிலத் தன்மை மிகுந்த புரதங்கள் எஸ்டிஎஸ்ஸைக் குறைவாகவே பிடிக்கும், அதனால் மெதுவாக நகர்ந்து உண்மை எடையைவிடக் கனமாகத் தோன்றும். மாதிரியில் பொட்டாசியம் இருந்தால் எஸ்டிஎஸ்ஸே படிந்துவிடும், முன்னமே நீக்கிவிடுங்கள்.

பல தொழில்களுக்கு இவ்வளவு தூய்மை தேவையே இல்லை. கழிவுநீருக்குக் கச்சா நொதியே போதும், விலையும் அதைத்தான் கேட்கும்.

படி 9: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

சோயா சாஸ் இதில் மிகத் தெளிவான தேவை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே அல்லது சோஜே பூஞ்சை வளர்ந்த சோயாவையும் கோதுமையையும் 16 முதல் 18 சதவீத உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். புரதம் உடைந்து குளுட்டமின் வருகிறது. அதைக் குளுட்டமினேஸ் நொதி குளுட்டமிக் அமிலமாக மாற்றினால்தான் சுவை கூடும். மாற்றாவிட்டால் குளுட்டமின் தானாகவே சுவை குறைந்த பைரோகுளுட்டமிக் அமிலமாகிவிடும். அந்தப் பூஞ்சைகளின் வழக்கமான குளுட்டமினேஸை உப்பு பலமாகத் தடுக்கிறது. அதனால்தான் உப்பையும் வெப்பத்தையும் தாங்கும் குளுட்டமினேஸைத் தேடினார்கள். ஜப்பானின் மண்ணிலிருந்து கிடைத்த கிரிப்டோகாக்கஸ் நொடேன்சிஸ் என்ற ஈஸ்ட் அப்படி ஒரு நொதியைத் தந்தது. அது உப்பளத்திலிருந்து வந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். நொதியைத்தான் அளக்க வேண்டும், பிறந்த இடத்தை அல்ல என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சாயக் கழிவுநீரில் கதை சற்றுக் கடினம். ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தி இழையின் பக்கம் தள்ள லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பெல்லாம் கழிவோடு வருகிறது. சாயத்தை உடைக்க லாக்கேஸ் நல்ல நொதி, ஆனால் குளோரைடு அயனி லாக்கேஸின் செம்பு மையத்தில் போய் ஒட்டி எலக்ட்ரான் ஓட்டத்தை மறித்துவிடும். ஆகவே பூஞ்சை எவ்வளவு உப்பைத் தாங்கினாலும், அதன் லாக்கேஸ் குளோரைடைத் தாங்குகிறதா என்பதே கேள்வி. உப்பாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தும் பட்டறைகளில் இந்தத் தடை வெகுவாகக் குறையும் என்பதால், படி 1-இல் எந்த உப்பு என்று எழுதியது இங்கே கைகொடுக்கும். இன்னொன்று: நிறம் போனால் நஞ்சும் போனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடைந்த துண்டுகள் மூலச் சாயத்தைவிட மோசமாக இருக்கலாம். வேதி ஆக்சிஜன் தேவையையும், நீருயிரிகள் மீதான நச்சுத்தன்மையையும் சோதித்த பிறகே வெற்றி என்று சொல்லலாம்.

தாவரக் கழிவைச் சர்க்கரையாக்கும் தொழிலில் எனக்கு அதிக நம்பிக்கை உண்டு. வைக்கோலையோ சக்கையையோ காரத்தால் பதப்படுத்திப் பிறகு அமிலத்தால் சமன்செய்தால் உப்பு உருவாகிறது. அதைக் கழுவித் தள்ள ஏராளமான நன்னீர் வேண்டும். உப்பைத் தாங்கும் செல்லுலேஸும் சைலனேஸும் இருந்தால் கழுவாமலேயே வேலையைத் தொடரலாம், நன்னீருக்குப் பதில் கடல்நீரையே பயன்படுத்தலாம். கரும்புச் சக்கையில் கிடைத்த ஆஸ்பெர்ஜில்லஸ் சீசியெல்லஸ் என்ற ஓரளவு உப்பு விரும்பும் பூஞ்சையின் செல்லுலேஸ், சைலனேஸ், லாக்கேஸ் வகை நொதிகளை இந்த நோக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். அயனித் திரவங்களால் பதப்படுத்தும் முறையிலும் இதே நன்மை கிடைக்கக்கூடும், ஏனென்றால் அயனித் திரவமும் ஒரு வகை உப்புதான்.

தோல் பதனிடும் தொழிலில் உப்பிட்ட தோலை ஊறவைக்கும்போது புரோட்டியேஸும், கொழுப்பை நீக்க லிப்பேஸும் தேவை. ஊறல் நீரில் உப்பு தானாகவே நிறைந்திருக்கும். இங்கே ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் புரோட்டியேஸ் கொல்லாஜனைத் தொடவே கூடாது, தொட்டால் தோலே போச்சு. வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

கரிமக் கரைப்பான்களில் ஓடும் லிப்பேஸ்கள் இன்னொரு பக்கம். கரைப்பானும் உப்பைப் போலவே புரதத்திடமிருந்து நீரைப் பிடுங்குகிறது. அதனால் உப்பைத் தாங்கும் நொதி கரைப்பானையும் தாங்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. சோதித்தே முடிவு செய்ய வேண்டும். எண்ணெய்க் கிணறுகளில் குவார் பசையால் கெட்டியாக்கிய திரவத்தை மீண்டும் நீர்க்கச் செய்யும் நொதிகளுக்கும் உப்பு தாங்கும் குணம் தேவைப்படுகிறது.

உப்பு மண்ணில் சிந்திய எண்ணெயைச் சிதைக்கும் வேலை வேறு வகை. ஆஸ்பெர்ஜில்லஸ் சைடோவி உப்பின் நடுவிலும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை உடைப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே சைட்டோகுரோம் பி450 போன்ற உள்நொதிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. அங்கே நொதியைப் பிரித்தெடுத்துப் பயனில்லை, பூஞ்சையை முழுதாக உயிரோடுதான் இறக்க வேண்டும்.

சலவைத்தூளை இந்தப் பட்டியலில் பலர் சேர்ப்பார்கள். நான் சேர்க்க மாட்டேன். துணி துவைக்கும் நீரில் உப்பு அவ்வளவு இல்லை, பாசில்லஸ் பாக்டீரியாவின் நொதிகள் அங்கே ஏற்கெனவே நன்றாக வேலை செய்கின்றன.

படி 10: பெரிய அளவில் உற்பத்தி

இரண்டு வழிகள். மூலப் பூஞ்சையையே பெரிய தொட்டியில் வளர்க்கலாம். 15 சதவீத உப்பில் வேறு கிருமி நுழைவது கடினம் என்பதால் கிருமிநீக்கத்துக்கான ஆவிச் செலவு குறையும். ஆனால் உப்பு விரும்பிகள் மெதுவாக வளர்பவை. குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். 304 வகை எஃகு தாங்காது, 316எல் ஓரளவு தாங்கும், இன்னும் கடுமையான நிலைக்குக் கண்ணாடிப் பூச்சுத் தொட்டியோ உயர்ரகப் பிளாஸ்டிக்கோ வேண்டும். வளர்ப்பு முடிந்ததும் மிஞ்சும் உப்புநீரை எங்கே விடுவது என்பதற்கும் முதல் நாளிலேயே விடை வேண்டும். மீண்டும் மீண்டும் சுழற்சியில் பயன்படுத்துவதே நல்லது.

மற்றது, மரபணுவை மட்டும் எடுத்து ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயிலோ, பிச்சியா என்று பழகிய பெயரில் அழைக்கப்படும் கோமகடேல்லா ஃபாஃபி ஈஸ்ட்டிலோ வைத்துத் தயாரிப்பது. வேகம், பாதுகாப்பு, விளைச்சல் மூன்றிலும் இதுவே மேல். பூஞ்சை நொதிகளில் பெரும்பாலானவை உப்பில்லாமலும் மடிந்து உருவம் கொள்ளக்கூடியவை என்பதால் ஆர்க்கியா நொதிகளைவிட இதற்கு எளிதாக இணங்கும். சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டும் விதம் மாறுவதால் குணமும் மாறலாம், ஆகவே புதிய நொதிக்குப் படி 7-ஐ முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள். வாலேமியா இக்தியோஃபாகா, ஹோர்டேயா வெர்னெக்கி இரண்டின் முழு மரபுத்தொகுதியும் 2013-இல் வெளியாகிவிட்டன. இன்று பூஞ்சையை வளர்க்காமலேயே, வெளியே சுரக்கப்படும் புரதங்களின் மரபணுக்களைக் கணினியில் தேடி, அவற்றில் அமிலத் தன்மை மிகுந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சோதிக்க முடிகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் உப்பளத்துக்குப் போவதோடு இந்த வழியையும் கூடவே தொடங்கலாம்.

தயாரான நொதியை முதலில் உண்மையான தொட்டி நீரில் சோதியுங்கள். ஆய்வகத்து உப்புக் கரைசலில் இல்லாத சவர்க்காரங்களும் கன உலோகங்களும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் இருக்கும். ஒரு லிட்டர் கழிவுநீர், ஒரு பீக்கர், ஓர் இரவு. அதில் தேறினால் அடுத்து நூறு லிட்டருக்குப் போகலாம்.